நீர்க்கரையில் நகரத்தைப் படிப்பது: புவியியல் களப்பணிக்குப் புதியவர்களுக்கு

பழைய துறைமுகக் கரை ஒன்றுக்குக் களப்பணிக்குப் போய்வரும் மாணவர்களில் பெரும்பாலானோர் ஒரே கட்டுரையைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். முன்பு இங்கே கப்பல்கள் வந்தன, அப்புறம் நின்றுபோயின, கிடங்குகள் பாழடைந்தன, பிறகு பணம் வந்தது, இப்போது அடுக்குமாடிகளும் உணவகங்களும் நிற்கின்றன. இந்தக் கதை சரிதான். ஆனால் இதை எழுதக் களத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை; பாடப்புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் போதும்.

நேரில் போனால் மட்டுமே தெரியும் விஷயம் ஒன்று உண்டு. வளர்ச்சியும் தளர்வும் ஒன்று முடிந்து இன்னொன்று என்று வரிசையில் வருவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில், இரண்டு தெரு இடைவெளியில், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருக்கின்றன. அதைக் கண்ணால் பார்த்து, எண்ணால் காட்டி, எழுத்தில் நிரூபிப்பதுதான் உங்கள் வேலை. முதல்முறை போகும் மாணவர்களுக்கும் அவர்களைக் கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கும் அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கரை ஏன் காலியானது என்று தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

வணிகம் செத்ததால் துறைமுகம் காலியானது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல நகரங்களில் நடந்தது வேறு: துறைமுகம் இடம் மாறியது.

1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரிப் போக்குவரத்துத் தொழிலதிபர், ஐடியல் எக்ஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 சரக்குப் பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் யுகம் அங்கே தொடங்கியது. அதுவரை மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாகத் தொழிலாளர்கள் இறக்கிய சரக்கு, பெட்டியோடு கிரேனில் இறங்க ஆரம்பித்தது. நாள்கணக்கில் கரையில் கிடந்த கப்பல் சீக்கிரமே திரும்பிப் போனது. கப்பல்களும் பெருத்தன. அவற்றுக்கு ஆழமான நீர் வேண்டும், பெட்டிகளை அடுக்கப் பரந்த சமதளம் வேண்டும், லாரிகள் வந்துபோக அகலமான சாலை வேண்டும். நகரத்தின் நடுவில் நெருக்கிக் கட்டிய பழைய துறைகளில் இந்த மூன்றுமே இல்லை.

லண்டனில் 1802இல் திறந்த வெஸ்ட் இந்தியா துறை 1980இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே ராயல் துறைகளும் மூடப்பட்டன. சரக்கு ஆற்றோட்டத்தின் கீழே, கடலுக்கு நெருக்கமான டில்பரிக்குப் போய்விட்டது. லிவர்பூலின் ஆல்பர்ட் துறை 1846இல் திறந்து 1972இல் மூடப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் மெர்சி ஆற்றின் முகத்துவாரத்தில் சீஃபோர்த் கன்டெய்னர் துறை வேலையைத் தொடங்கியது. ஆக, துறைமுகம் பிழைத்துக்கொண்டது. அதை நம்பிக் கரையோரத்தில் குடியிருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். 1931இல் எட்டு லட்சத்துக்கும் மேல் இருந்த லிவர்பூல் நகர மக்கள்தொகை 2001இல் சுமார் 4.4 லட்சம். இந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல. துறைமுகம் அவற்றில் ஒன்று.

இந்த நகர்வை விளக்க இரண்டு மாதிரிகளைத் தெரிந்துவைத்திருந்தால் போதும். துறைமுகம் எப்படிக் கட்டம் கட்டமாக ஆழநீரை நோக்கி நகர்கிறது என்பதை 1963இல் புவியியலாளர் ஜேம்ஸ் பேர்ட் 'எனிபோர்ட்' (ஏதோ ஒரு துறைமுகம்) மாதிரியாகச் சொன்னார். நகரமும் துறைமுகமும் எப்படி ஒட்டியிருந்து, பிரிந்து, பிறகு விட்டுப்போன கரை மறுபடி கட்டப்படுகிறது என்பதை 1980-களின் இறுதியில் இன்னொரு புவியியலாளர் பிரையன் ஹாய்ல் ஐந்து கட்டங்களாக வகுத்தார். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் கரை எந்த இடத்தில் இந்த மாதிரிகளோடு ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விலகும் இடத்தில்தான் எழுத விஷயம் இருக்கும்.

இரண்டாம் படி: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

'இந்தக் கரை எப்படி மாறியிருக்கிறது?' என்பது ஒரு நாளில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. ஒரு நாளில், உங்கள் குழுவால், கையில் இருக்கும் கருவிகளால் சோதிக்க முடிந்ததுதான் நல்ல கேள்வி. உதாரணமாக:

நீரிலிருந்து விலகிப் போகப் போகச் சுற்றுப்புறத் தரம் குறைகிறதா? மறுபடி கட்டப்பட்ட பகுதியில் தரைத்தளக் கடைகள் யாருக்காக இருக்கின்றன: குடியிருப்பவர்களுக்கா, வந்துபோகிறவர்களுக்கா? பாழடைந்த கட்டடங்கள் எந்த வீதிகளில் குவிந்திருக்கின்றன, அவற்றுக்கு அருகில் புதுக் கட்டுமானம் நடக்கிறதா?

ஒரு முதன்மைக் கேள்வி, அதன் கீழ் இரண்டு கருதுகோள். அதற்கு மேல் வேண்டாம். கருதுகோள் தப்பாகிவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம் மாணவர்களிடம் நிறைய இருக்கிறது. அப்படியில்லை. தரவு கருதுகோளை மறுத்தால், ஏன் மறுக்கிறது என்று விளக்கும் பத்திதான் பெரும்பாலும் கட்டுரையின் மிகச் சிறந்த பத்தியாக அமைகிறது.

மூன்றாம் படி: பழைய வரைபடத்தோடு உட்காருங்கள்

இந்த வேலையைத் தவிர்த்துவிட்டுப் போனால் களத்தில் பாதி கண்ணில் படாது. ஒரே பகுதியின் வரைபடம் குறைந்தது மூன்று காலத்துக்கு வேண்டும்: துறைமுகம் உச்சத்தில் இருந்தபோது, அது மூடப்பட்ட சமயத்தில், இப்போது. பழைய அளவை வரைபடங்களைப் பல நாடுகளின் தேசிய நூலகங்கள் இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்க்கலாம். அமெரிக்க நகரங்களுக்குத் தீக்காப்பீட்டுக்காக வரைந்த சான்போர்ன் வரைபடங்கள் உண்டு; கட்டடம் எதனால் கட்டியது, எதற்குப் பயன்பட்டது என்பதுவரை அவற்றில் இருக்கும். கடைசிச் சில பத்தாண்டுகளுக்குக் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி போதும்.

ஒரு வெள்ளைத்தாளில் இன்றைய தெருக்களை வரைந்து, அதன்மேல் பழைய துறைகள், ரயில் பாதைகள், கிடங்குகள் இருந்த இடங்களை வேறு நிறத்தில் போடுங்கள். நீர் இருந்த இடம் இன்று நிலமாகியிருக்கலாம். அதைத் தவறாமல் குறியுங்கள். மண் போட்டு நிரப்பிய துறையின் மேல் இன்று பெரிய கடைவளாகமோ வாகன நிறுத்துமிடமோ இருப்பது பல ஊர்களில் சகஜம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களையும் இப்போதே எடுத்துவையுங்கள். ஒரு எச்சரிக்கை: இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் வார்டு எல்லை மாறியிருந்தால், மக்கள்தொகை இரட்டிப்பானது போலவோ பாதியானது போலவோ தோன்றும். எல்லையைச் சரிபார்க்காமல் எந்த எண்ணையும் ஒப்பிடாதீர்கள்.

நான்காம் படி: அளக்கும் கோட்டை நீருக்குக் குறுக்கே போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கரைக்குப் போனால் கால்கள் தானாக நீரோரமாகவே நடக்கும். காற்று நன்றாக இருக்கும், நடைபாதை அகலமாக இருக்கும், உட்கார இருக்கை இருக்கும். அப்படி நடந்துகொண்டே எடுக்கும் தரவு முழுக்க முதல் வரிசையைப் பற்றியதாகவே இருக்கும். முதல் வரிசைதான் முதலீடு முதலில் வந்து இறங்கும் இடம். விளம்பரப் படங்களில் இருப்பதும் அதுதான். அங்கே மட்டும் அளந்தால் எந்த நகரத்திலும் 'மறுவளர்ச்சி வெற்றி' என்றே பதில் வரும்.

அதனால் உங்கள் குறுக்குக் கோடுகள், அதாவது நீங்கள் நடந்துபோய் அளக்கும் வழிகள், நீர்விளிம்பில் தொடங்கி, நீருக்குச் செங்குத்தாக, நகரத்துக்குள் போக வேண்டும். சுமார் 450 மீட்டர் நீளமுள்ள மூன்று கோடுகள் ஒரு நாளைக்குச் சரியாக இருக்கும். ஒவ்வொரு கோட்டிலும் 50 மீட்டருக்கு ஒரு நிறுத்தம். நீர்விளிம்பையும் சேர்த்தால் கோட்டுக்குப் பத்து நிறுத்தங்கள். இதுதான் முறைசார் மாதிரியெடுப்பு. நிறுத்தத்தை முன்பே முடிவுசெய்துவிடுவதால், 'இந்த இடம் நன்றாக இருக்கிறது, இங்கே நிற்கலாம்' என்ற சபலத்துக்கு இடமில்லாமல் போகிறது.

மூன்று கோடுகளையும் எங்கே வைப்பது? ஒன்று, மறுகட்டுமானம் முடிந்துவிட்ட இடத்தில். இன்னொன்று, கிரேன்கள் இன்னும் நிற்கும் இடத்தில். மூன்றாவது, யாரும் கைவைக்காத இடத்தில். இப்படிப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எடுப்பது அடுக்கு மாதிரியெடுப்பு. இரண்டு முறைகளையும் சேர்த்தே பயன்படுத்துகிறீர்கள் என்று செய்முறையில் எழுதுங்கள், காரணத்தோடு. கோட்டின் வழியில் நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ வேலியிட்ட வளாகமோ குறுக்கிட்டால், பக்கத்துத் தெருவழியாகச் சுற்றிப்போய் அதே தூரத்தில் நில்லுங்கள். அந்தத் தடையையும் குறித்துக்கொள்ளுங்கள். பல துறைமுக நகரங்களில் கரைக்கும் அதற்குப் பின்னாலுள்ள குடியிருப்புக்கும் நடுவே அகலமான சாலை ஒன்று ஓடுகிறது. கரையில் வரும் வளர்ச்சி பின்தெருவுக்கு ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு அந்தச் சாலையே பாதி பதிலாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: பாதுகாப்பும் அனுமதியும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் இதில் எதையும் விடக்கூடாது. பழைய துறைகளின் விளிம்பில் தடுப்பு இருக்காது. கல்லில் பாசி பிடித்திருக்கும். சுவர் செங்குத்தாக இருப்பதால் விழுந்தால் ஏறிவரப் பிடி கிடைக்காது. விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளியே நில்லுங்கள், உயிர்காப்பு வளையங்கள் எங்கே இருக்கின்றன என்று போனவுடன் பாருங்கள். கடலோடு சேரும் ஆறு என்றால் அன்றைய ஓத (கடல்நீர் ஏறி இறங்கும் நேர) அட்டவணை கையில் இருக்க வேண்டும். ஓதம் இறங்கியிருக்கும்போது தெரியும் சேற்றுப் பரப்பில் யாரும் கால்வைக்கக் கூடாது. பாழடைந்த கட்டடத்துக்குள் நுழையவே கூடாது. தளம் உளுத்திருக்கலாம், பழைய கூரையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். மூன்று பேருக்குக் குறையாத குழு, ஒரு கைபேசி எண், திரும்பிக் கூடும் நேரம்: இவை எழுத்தில் இருக்கட்டும்.

அனுமதி விஷயத்தில் புதியவர்கள் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. பொது இடம்போலவே தெரியும் பல புதிய கரைகள் தனியார் நிர்வாகத்தில் இருப்பவை. லண்டனின் கேனரி வார்ஃப் அப்படிப்பட்ட வளாகம்தான். படம் எடுத்தாலோ வினாத்தாளோடு நின்றாலோ காவலாளி வந்து கேட்கலாம். பள்ளி அல்லது கல்லூரியின் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள், மரியாதையாகப் பேசுங்கள், போகச் சொன்னால் போய்விடுங்கள். எந்த நிறுத்தத்தில் தடுக்கப்பட்டீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க மறக்காதீர்கள். கரை யாருடையது என்ற கேள்விக்கு அதுவும் ஒரு தரவு.

ஆறாம் படி: ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ன செய்வது

மூன்று வேலை. நிலப் பயன்பாட்டைக் குறிப்பது, சுற்றுப்புறத்துக்கு மதிப்பெண் போடுவது, ஒரு கட்டடத்தைக் கூர்ந்து பார்ப்பது.

நிலப் பயன்பாட்டில் தரைத்தளத்தையும் மேல்தளத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். குடியிருப்பு, அலுவலகம், அன்றாடக் கடை, பொழுதுபோக்கு, தொழில், துறைமுக வேலை, கட்டுமானத்தில் உள்ளது, காலி என்று எட்டு வகை போதும். 'காலி' என்பதை மட்டும் இன்னும் பிரியுங்கள்: கட்டடம் இருந்து ஆள் இல்லாததா, இடித்த மனையா, தற்காலிக வாகன நிறுத்தமா? கடைசி வகை முக்கியமானது. இடிக்கப்பட்ட கிடங்கின் மனையில் சரளைக்கல் கொட்டி வண்டி நிறுத்த விட்டிருந்தால், பெரும்பாலும் அங்கே உரிமையாளர் நிலவிலை ஏறக் காத்திருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். ஒரு நிலம் இப்போது தரும் வாடகைக்கும், வேறு விதமாகப் பயன்படுத்தினால் தரக்கூடிய வாடகைக்கும் நடுவிலுள்ள இடைவெளி பெருகும்போதுதான் முதலீடு திரும்பி வருகிறது என்று புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் வாதிட்டார். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் இந்த மாதிரி மனைகளைத்தான் பார்க்க வேண்டும். பார்வைக்குத் தளர்வு; நிலச்சந்தையின் கணக்கிலோ அது வளர்ச்சிக்கான காத்திருப்பு.

மதிப்பெண் போட, இரு எதிர்முனைகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயார்செய்யுங்கள். பத்து அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை. குப்பை, இரைச்சல், பசுமை, சுவர்ப் பராமரிப்பு, நடைபாதை, இருக்கை, தெருவிளக்கு, வாகன நெரிசல், கட்டடப் பராமரிப்பு, பாதுகாப்பு உணர்வு. ஒரு நிறுத்தத்தின் மொத்தம் மைனஸ் 20க்கும் பிளஸ் 20க்கும் நடுவில் வரும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 'பசுமை: மைனஸ் 1' என்றால் என்ன? ஒருவருக்கு மைனஸ் 1 ஆக இருப்பது இன்னொருவருக்குப் பூஜ்யம். அதனால் களத்துக்குப் போகும் முன் பள்ளி வாசலில் எல்லாக் குழுவும் ஒரே இடத்துக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பாருங்கள். எங்கே வித்தியாசம் வருகிறதோ அந்த அம்சத்துக்கு விளக்கம் எழுதுங்கள்: 'ஒரு மரம்கூடத் தெரியாவிட்டால் மைனஸ் 2, தெருவின் ஒரு பக்கம் மட்டும் மரங்கள் இருந்தால் 0' என்பதுபோல. இந்த முன்னோட்டம் அரை மணி நேர வேலை. இதைச் செய்யாத குழுக்களின் தரவை ஒன்றாகச் சேர்க்கவே முடியாது.

மூன்றாவது வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. நிறுத்தத்திலிருந்து தெரியும் மிகப் பழைய கட்டடத்தின் முன்னால் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கூரைக்குக் கீழே, சுவரின் உச்சியில், ஒரு இரும்புச் சட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? சரக்கை மேலே இழுத்த கப்பி அங்கேதான் தொங்கியது. அதற்கு நேர்கீழே ஒவ்வொரு தளத்திலும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிய கதவு அகலத்துக்குத் திறப்பு இருக்கும். சில கட்டடங்களில் அதைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். புதுச் செங்கல்லின் நிறம் காட்டிக்கொடுக்கும். இன்னும் சிலவற்றில் கண்ணாடி போட்டு, சின்னக் கம்பியழி வைத்து, வீட்டின் பால்கனி ஆக்கியிருப்பார்கள். அதே திறப்புதான், சரக்குக்குப் பதில் இப்போது பூந்தொட்டி. கீழே தரையைப் பாருங்கள்: கல்பாவிய தெருவில் பதிந்த தண்டவாளம் ஒரு சுவர்வரை வந்து சட்டென்று முடிந்தால், சுவர் பிறகு வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். கப்பல் வடம் கட்டிய இரும்புக் குத்திகள் நீரிலிருந்து தள்ளி, நிலத்தின் நடுவில் நின்றால், நீர் முன்பு அதுவரை இருந்தது என்று பொருள். அல்லது யாரோ அலங்காரத்துக்காக எடுத்து வந்து நட்டிருக்கிறார்கள். உங்கள் பழைய வரைபடம் எது என்று சொல்லும்.

தளர்வின் தடயங்களும் இப்படித்தான். மழைநீர்க் குழாயின் வாயில் முளைத்த செடி எவ்வளவு தடித்திருக்கிறது? அடைத்த கடையின் கண்ணாடிக்குப் பின்னால் கடிதங்கள் குவிந்திருக்கின்றனவா? 'வாடகைக்கு' என்ற பலகை புதிதா, வெயிலில் வெளுத்ததா? இவற்றுக்கு 0 முதல் 3 வரை ஒரு சிதைவு அளவுகோல் வைத்துக்கொள்ளலாம்.

படம் எடுங்கள், ஆனால் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு இடத்தையாவது கையால் வரையுங்கள். நன்றாக வரைய வேண்டும் என்பதில்லை. கேமரா எல்லாவற்றையும் ஒரே அளவில் பதிவுசெய்துவிடும். வரையும்போது எதை விடுவது, எதைச் சொல்வது என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஓவியத்தைச் சுற்றிக் குறிப்புகள் எழுதுங்கள்: திசை, நேரம், கட்டடத்தின் காலம், மாறிய பயன்பாடு.

ஆட்களை எண்ணுவதாக இருந்தால் ஐந்து நிமிடம், எல்லாக் கோட்டிலும் ஒரே நேரத்தில் தொடங்கி எண்ணுங்கள். ஞாயிறு பிற்பகலில் மட்டும் எண்ணினால் எந்தக் கரையும் செழிப்பாகத்தான் தெரியும். முடிந்தால் வேலைநாள் காலை ஒன்றும் வேண்டும். பெரியவர்கள் உடன் வர முடியுமானால் இருட்டிய பிறகு ஒரு முறை போய், புது அடுக்குமாடிகளில் எத்தனை சன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். அன்று வெளியே போனவர்கள் இருப்பார்கள், திரை போட்டவர்கள் இருப்பார்கள். அதனால் ஒரு இரவின் எண்ணிக்கையைத் துல்லியமானதாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் பழைய குடியிருப்பில் அதே நேரத்தில் எண்ணியதோடு ஒப்பிட்டால், கட்டப்பட்டது எவ்வளவு, குடியேறியது எவ்வளவு என்ற கேள்வியையாவது எழுப்ப முடியும்.

ஏழாம் படி: மக்களிடம் கேட்பது

'இந்தப் பகுதி முன்னேறியிருக்கிறதா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். கேள்வியே பதிலைச் சொல்லிக்கொடுக்கிறது. அதற்குப் பதிலாக: 'எத்தனை வருஷமாக இந்த இடத்தைத் தெரியும்?', 'முன்பு இங்கே இருந்து இப்போது இல்லாதது எது?', 'கடைசியாகக் கரைக்கு எதற்காக வந்தீர்கள்?' இப்படி நினைவைத் தொடும் கேள்வி இரண்டு, ஆம் இல்லை கேள்வி மூன்று, அவ்வளவுதான். பெயர் கேட்க வேண்டாம். வயதை வரம்பாக மட்டும் குறியுங்கள். கேட்கப்போவது எதற்காக என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சிரித்த முகத்தோடு வருகிறவரை மட்டும் நிறுத்தாமல், ஒவ்வொரு ஐந்தாவது நபரையும் கேளுங்கள்.

வினாத்தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு ஓட்டை இருந்தே தீரும். வாடகை ஏறியதால் போய்விட்டவர்கள் அந்தத் தெருவில் இல்லை. உங்களிடம் பேசுவது தங்கியவர்களும் புதிதாக வந்தவர்களும் மட்டுமே. மாற்றத்தால் மிக அதிகம் இழந்தவர்களின் குரல் உங்கள் மாதிரியில் விழவே விழாது. இதை ஈடுகட்ட வழிகள் உண்டு: பழைய குடியிருப்பாளர் சங்கம், வழிபாட்டிடம், ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளர்கள் கூடும் இடம், உள்ளூர் ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகள். அப்படி ஒரே ஒருவரிடம் நிதானமாக உட்கார்ந்து பேசியது, வழியில் மடக்கிக் கேட்ட நாற்பது வினாத்தாள்களைவிட அதிகம் சொல்லும் என்று நான் நம்புகிறேன்.

எட்டாம் படி: எண்களைப் பார்ப்பது

திரும்பியவுடன் எல்லோரும் நேராக ஸ்பியர்மேன் தர ஒட்டுறவுக் கெழுவுக்கு, அதாவது இரண்டு வரிசைகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று ஒரே எண்ணில் சொல்லும் கணக்குக்கு, பாய்கிறார்கள். பொறுங்கள், முதலில் கோட்டுப்படம் (கிராஃப்) போடுங்கள். ஏன் என்று ஒரு கோட்டை வைத்துக் காட்டுகிறேன். விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. 0 மீட்டரில் தொடங்கி 50 மீட்டருக்கு ஒன்றாகப் பத்து நிறுத்தங்களின் சுற்றுப்புற மதிப்பெண்: 14, 12, 3, மைனஸ் 6, மைனஸ் 9, மைனஸ் 8, மைனஸ் 2, 1, 4, 5.

தூரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தனித்தனியே தரவரிசை கொடுங்கள்; இரண்டிலும் மிகச் சிறியதற்கு 1. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு தரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டினால் 198 வரும். அதை 6ஆல் பெருக்கினால் 1188. பத்தின் கனத்திலிருந்து பத்தைக் கழித்தால் 990. 1188ஐ 990ஆல் வகுத்து, 1இலிருந்து கழித்தால் விடை மைனஸ் 0.2. தொடர்பு தற்செயலானது இல்லை என்று சொல்ல, பத்து இணைகளுக்கு, 5 சதவீத மட்டத்தில், இருமுனைச் சோதனையில் (குறி எதுவானாலும்) தாண்ட வேண்டிய அளவு 0.648. வெகு தூரம். 'நீரிலிருந்து உள்ள தூரத்துக்கும் தரத்துக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை' என்று எழுதிவிட்டு மாணவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

இப்போது அதே எண்களைக் கோட்டுப்படமாகப் போடுங்கள். கரையில் உயரம், 150 முதல் 250 மீட்டர்வரை ஆழமான பள்ளம், அப்புறம் நகரமையத்தை நெருங்க நெருங்க மெல்ல ஏற்றம். தொடர்பு மிகத் தெளிவாக இருக்கிறது. அது ஒரே திசையில் ஏறவோ இறங்கவோ இல்லை என்பதால் கெழு அதைப் பிடிக்கவில்லை. பளபளக்கும் முதல் வரிசைக்கும் நகரமையத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட ஒரு பட்டை அங்கே இருக்கிறது. அந்தப் பட்டையில் என்ன இருக்கிறது என்று நிலப் பயன்பாட்டுத் தாளைத் திறந்து பாருங்கள். வாகன நிறுத்தங்களா? பழைய தொழிலாளர் குடியிருப்பா? அகலச் சாலையா? கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

நிலப் பயன்பாட்டு வகைகளை மூன்று கோடுகளுக்கும் ஒப்பிட, எண்ணிக்கைகள் போதுமான அளவு இருந்தால், கை வர்க்கச் சோதனை (chi-square; எண்ணிக்கைகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்ப்பது) பொருந்தும். சதவீதத்தை அதில் போடக் கூடாது, எண்ணிக்கையைத்தான் போட வேண்டும். வரைபடங்களைக் கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். கையால் டிரேசிங் தாளில் செய்தாலும் குறைவில்லை.

ஒன்பதாம் படி: எழுதுவது

முடிவுரையில் 'வளர்ச்சி' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் எதன் வளர்ச்சி, யாருக்கு என்று சேர்த்து எழுதுங்கள். கட்டடங்களா, வேலைகளா, குடியிருப்போரா, நிலவிலையா? நான்கும் ஒரே திசையில் போக வேண்டும் என்ற அவசியம் இல்லை. லண்டன் துறைப்பகுதியை மறுபடி கட்ட 1981இல் அமைக்கப்பட்ட வளர்ச்சிக் கழகம் 1998வரை இயங்கியது. 1987இல் இலகு ரயில் வந்தது, 1991இல் கேனரி வார்ஃபின் கோபுரம் எழுந்தது. ஆனால் வந்த அலுவலக வேலைகளும் போன துறைமுக வேலைகளும் ஒரே ஆட்களுக்கானவை இல்லை என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

மறுகட்டுமானம் முடிந்த இடத்தைக் கதையின் கடைசிக் கட்டமாகவும் எண்ண வேண்டாம். 1980இல் பால்டிமோர் கரையில் திறந்த ஹார்பர்ப்ளேஸ் கடைவளாகத்தை உலகின் பல நகரங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டன. அதே வளாகம் கடைகள் காலியாகி, 2019இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. லிவர்பூல் கரை 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது; புதுக் கட்டுமானங்களால் அதன் தனித்தன்மை குலைந்தது என்று சொல்லி 2021இல் யுனெஸ்கோ நீக்கிவிட்டது. ஹாம்பர்க்கின் ஹாஃபன்சிட்டியில் 157 ஹெக்டேர் பழைய துறைமுக நிலம் நகரமாகிக்கொண்டிருக்கிறது. அங்கே வெள்ளத்துக்குப் பயந்து கட்டடங்களை உயர்த்திய மேடைகள்மேல் எழுப்புகிறார்கள். உங்கள் கரையின் புதுக் கட்டடங்கள் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அளந்திருந்தால், அதற்கு இங்கே இடம் இருக்கிறது.

குறைகளை எழுதும் பகுதியில் 'நேரம் போதவில்லை, மழை பெய்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் குறை எந்த முடிவை எந்தப் பக்கம் சாய்த்திருக்கும் என்று சொல்லுங்கள். ஞாயிறு மட்டும் எண்ணியதால் கரையின் ஆள்நடமாட்டம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியலாம். மூன்றாவது கோட்டில் காவலாளி தடுத்ததால் இரண்டு நிறுத்தங்களின் தரவு வெளியிலிருந்து பார்த்து எழுதியது. வினாத்தாளுக்குப் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஐந்து வருஷத்துக்குள் வந்தவர்கள் என்றால், 'முன்பு எப்படி இருந்தது' என்ற அட்டவணையை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். கடைசியாக, இன்னொரு நாள் கிடைத்தால் எந்தக் கோட்டை, எந்த நேரத்தில், எந்தக் கேள்வியோடு நடப்பீர்கள் என்பதை ஒரு பத்தியில் குறிப்பாக எழுதிவைத்துவிட்டால், அடுத்த ஆண்டு வரும் குழு அங்கிருந்தே தொடங்கிக்கொள்ளும்.